பதினாலாம் நம்பர் குடம்

என் சமையல் மேடைக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. வாய் ஓரத்தில் ஒரு விரிசல், அதன்மேல் கரண்டியைக் காய்ச்சி வைத்து ஒட்டிய தழும்பு. வயிற்றில் மஞ்சள் பெயின்டில் 14 என்று எழுதியிருக்கும். எழுதியவர் என் மாமனார். அவர் வேலை பார்த்த இடத்தில் குழாய்களுக்கு அடித்து டப்பாவின் அடியில் மிஞ்சிய பெயின்ட், அதனால் இத்தனை வருடம் தேய்த்தும் போகவில்லை. இன்று எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, குடத்துக்கு வேலையே இல்லை. பழைய சாமான்களைத் தள்ளிவிடுவதில் நான் கொஞ்சமும் யோசிக்காதவள். கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குத்துவிளக்கைப் போட்டு மிக்சி வாங்கியவள். இந்தக் குடத்தின்மேல் மட்டும் கை வைக்கவில்லை.

நான் கல்யாணமாகி எர்ணாவூருக்கு வந்தபோது எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. ஆகவே ஆட்கள் நிற்க மாட்டார்கள், குடங்கள் நிற்கும். விடிந்ததும் வீட்டு நம்பர் எழுதிய குடங்கள் தெருமுனையில் வரிசையாக உட்கார்ந்துவிடும். குடம் இருந்தால் அந்த வீட்டு ஆளே நிற்பதாகக் கணக்கு. யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் அன்றைக்குத் தெருவே ரெண்டுபடும். என் மாமியாரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘பதினாலு வூட்டம்மா’ என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அத்தை வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணத்தில்கூட, லாரி வந்திருக்குமே என்று பந்திக்கு முன்னால் கிளம்பி வந்தவர். இத்தனைக்கும் மாமா வேலை பார்த்தது கடலோரத் தொழிற்சாலை ஒன்றின் பம்ப் ஹவுஸில். “ஊரு ஒலகத்துக்கு தண்ணி இறைக்கிற மனுசன், வூட்டுக்கு ஒரு சொம்பு இட்டாரத் துப்பில்ல” என்று அத்தை தினமும் ஒருமுறையாவது சொல்வார். மாமா புகையிலையை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வலி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரிடையர் ஆன மறுமாதமே மாமா பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்தார். காட்டுப்பள்ளியைத் தாண்டி வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேட்டு ஊர், மாமா சிறுவனாக இருந்தபோதே விட்டு வந்தது. அவருடைய அண்ணன் இறந்த பிறகு அங்கே விளக்கேற்ற ஆளில்லை. நாட்டு ஓடு பாதி சரிந்து, பனஞ்சட்டங்களைக் கரையான் தின்று, சமையலறைக்குள் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. இதைச் சரிசெய்து, காய்கறி போட்டு, நாலு கோழியும் ரெண்டு ஆடும் வளர்த்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம் என்பது அவர் திட்டம். “கடைல உப்பு மட்டும்தான் வாங்கணும், மத்ததெல்லாம் நம்மாண்டயே கீது” என்றார். பருப்பு, எண்ணெய், டீத்தூள் எல்லாம் அவர் நினைவுக்கு வரவில்லை. அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “தண்ணிக்கு ஒருத்தன் கைய எதிர்பாக்காத வூடுன்னா வரேன். இல்லாட்டி நீ மட்டும் போய் கோயி மேய்ச்சிகினு இரு.”

அந்தக் குறையை ஒரேயடியாகத் தீர்த்துவிட வேண்டும் என்று மாமா முடிவு கட்டினார். ஆறு மாதம் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்து வேலை பார்த்தார். பழைய தோழர்கள் ரெண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சட்டம் மாற்றி, நல்ல ஓடுகளைப் பொறுக்கி வேய்ந்தார்கள். கூரை வரையில் அது கிராமத்து வீடு. உள்ளே போனால் பம்ப் ஹவுஸ். ஒரு சமையலறை, ஒரு குளியலறை, கொல்லையில் ஐந்து பாத்தி, இதற்கு ஆறு வால்வு. ஒவ்வொன்றிலும் தகரத் துண்டில் நம்பர் அடித்துக் கம்பியில் கட்டியிருந்தார். குழாய்களுக்குப் பச்சை பெயின்ட், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட வெள்ளை அம்பு. சுவரில் ஆணியடித்துத் தொங்கிய ஒரு நீள நோட்டில், காலை, மதியம், மாலை என்று கிணற்றின் மட்டத்தை எழுதி வந்தார். கிணறு சின்னது. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, பத்தடிகூட இருக்காது. அதில் ஒரு பெரிய மோட்டாரைப் பொருத்தினார்.

பக்கத்து வீட்டில் இறால் வியாபாரம் செய்கிற ஒரு பெண் இருந்தார். மோட்டார் இறங்கிய அன்றே வேலியோரம் வந்து சொல்லிவிட்டார். “அண்ணா, இந்த ஊர்ல கெணத்துக்கு மோட்டாரு போட மாட்டாங்க. காலைல ரெண்டு வாளி, பொழுதோட ரெண்டு வாளி, அவ்ளோதான். நல்ல தண்ணி மேல படுத்துகினு கீது, உப்புத்தண்ணி அதுக்குக் கீழ. ரொம்ப இழுத்தா கீழ கீறது எழுந்துக்கும்.” மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா போனதும் எங்களிடம், “பாவம், பம்பப் பத்தித் தெரியாது” என்றார். முப்பத்துநாலு வருடம் தொட்டியில் மட்டம் இறங்கினால் எங்கிருந்தோ தானாக நிரம்பி வருவதைப் பார்த்தவர் அவர். தண்ணீர் குறைந்தால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. மணலுக்கு அடியில் கடலே காத்துக்கொண்டிருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியும் ஏறியிருக்காது.

அத்தை போய்ப் பார்த்தார். குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். மறுபடியும் ஏந்திக் குடித்தார். ஊர் திரும்பி மறுவாரமே மூட்டை கட்டினார். போகிற அன்று காலை பதினாலாம் நம்பர் குடத்தை எடுத்துப்போய் ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார். எங்கள் தெருவில் குடத்தைக் கொடுப்பது சாதாரணக் காரியமில்லை, வரிசையில் இருக்கிற இடத்தையே விட்டுக் கொடுப்பது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ வயிறெரிந்தது. என் மகளுக்கு அப்போது ரெண்டரை வயது. ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் எனக்கு ஷிப்ட் வேலை. என் கணவருக்குக் கண்டெய்னர் யார்டில் அதைவிட மோசமான நேரம். குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் அத்தை, தண்ணீர் பிடித்ததும் அத்தை. இனி எங்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர்தான். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமியாரிடம் கெஞ்சுவதாவது என்ற வீம்பு.

அடுத்த கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையுடன் போனேன். கொல்லையில் வெண்டையும் கத்தரியும் காய்த்திருந்தன, ஆனால் முருங்கை இலைகளின் நுனி தீயில் காட்டியது போல் கருகியிருந்தது. பால் டீ இல்லாமல் கண் விழிக்காத அத்தை எனக்குப் பால் ஊற்றாத டீ கொடுத்தார். “பால் ஊத்துனா பித்தமாக்கீது” என்றார். சாப்பாட்டில் குறையில்லை, ரசத்தில் உப்பு அளவாக இருந்தது. கை கழுவிவிட்டு, மகளுக்கு மாங்காயில் தொட்டுக் கொடுக்க உப்பு ஜாடியைத் திறந்தேன். உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. கரண்டி பட்டுப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். நான் ஜாடியைப் பார்த்தேன், அத்தை என்னைப் பார்த்தார். “அவராண்ட சொல்லாத” என்றார், மெதுவாக. தண்ணீரில் உப்பு ஏற ஏற, அவர் குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் போடுவதையே நிறுத்தியிருந்தார். நாற்பது வருடப் புகையிலையில் நாக்கு மரத்துப்போன மாமாவுக்கு எதுவும் தெரியவில்லை. பால் திரிவதற்குப் பால்காரரைத் திட்டினார்.

கிளம்பும்போது ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பைச் சோதிப்பது என் தினசரி வேலை. மஞ்சள் கரைசலில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனை விட்டபின் செங்கல் நிறம் வருகிறதோ, அத்தனை உப்பு. நான் விட்டுக்கொண்டே இருந்தேன், நிறம் மாறவில்லை. கடைசியில் மாறியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மழுப்பிச் சொல்லிப் பயனில்லை. இனி அத்தை திரும்பி வந்தாக வேண்டும், குழந்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று மனதில் ஓடியது. வேறு யார் சொன்னாலும் மாமா சண்டைக்கு வருவார், ஆய்வகத்துச் சீட்டுக்கு மட்டும் அப்படியே பணிவார், அதுவும் எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அத்தையின் கண்ணைப் பார்க்காமல், உப்பின் அளவு எழுதிய சீட்டை நானே உரக்கப் படித்து மாமாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டுமுறை படித்தார். எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். ஆறு வால்வையும் ஒன்றிலிருந்து வரிசையாக மூடினார். சுவர் நோட்டில் நேரம் போட்டு ‘மோட்டார் நிறுத்தம்’ என்று எழுதினார். பிறகு கிணற்று உறைமேல் போய் உட்கார்ந்தார். “பக்கத்து வூட்டம்மா அன்னிக்கே வந்து சொல்லிச்சு. நான் அதுக்கு ஒன்னும் தெரியாதுன்னேன்” என்றார், யாரிடமும் இல்லாமல். அத்தை வாசற்படியிலிருந்து, “இன்னாத்துக்கு இப்ப மூஞ்சத் தூக்கிகினு குந்தினுகீற? சோறு ஆறிப்போது, வா” என்றார். மாமா வரவில்லை. அவ்வளவு பெரிய உருவம் அந்தச் சின்ன உறைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் எர்ணாவூர் வந்ததும் அத்தையின் புடவைகளுக்கு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து அத்தை இறங்கினார். கையில் பை இல்லை. நேராக ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் போய், கொடுத்த குடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புளியும் சாம்பலும் கேட்டு வாங்கி அதைக் கழுவ உட்கார்ந்தார். அங்கே பக்கத்து வீட்டுக் கிணற்றில் தினம் ரெண்டு குடம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம், மழை வரும்வரை அதுதான் ஏற்பாடாம். “அங்கயும் குடம் தூக்கணுமா அத்த? இங்கியே இருந்துடலாம்ல” என்றேன்.

“இங்க லாரி வரணும், அங்க மழ வரணும். மழைக்கு ஆரன் அடிக்கத் தெரியாது. நிம்மதியா தூங்குறேன்” என்றார். பிறகு, குடத்தைத் தேய்ப்பதை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல் சொன்னார். “சீட்டு படிச்சப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். கொயந்தயப் பாத்துக்க வான்னு கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்மே. இன்னாத்துக்கு அந்த மனுசன அழ வெச்ச?” அதில் கோபம் இல்லை. அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “கொயந்தைக்கி லீவு வுட்டா எங்களாண்ட இட்டாந்து வுடு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். காலி செய்த தட்டை அன்றைக்கே என் துணிகளால் நிரப்பினேன்.

மோட்டாரை மாமா விற்றுவிட்டார். பச்சைக் குழாய்கள் சும்மா கிடந்தன, அவற்றில் அவரைக்கொடி ஏறியது. பாத்தி ஐந்திலிருந்து ரெண்டானது. கிணற்றை யாரும் தொடவில்லை. ரெண்டு மழைக்காலம் போன பிறகு அத்தை போனில், “பால் திரியல” என்றார். கிணற்றில் உப்பு இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதன்பின் காலையில் ரெண்டு வாளி, பொழுதோடு ரெண்டு வாளி. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அத்தை ஏழு வருடம் இருந்தார். போன ஆண்டு இறந்தார். காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது மாமா குடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “இது உங்க வூட்டு நம்பரு” என்றார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு நோட்டில் மட்டம் எழுதப் போனார்.

ஒவ்வொரு முறையும் அந்தக் குடத்தோடுதான் போகிறேன். இந்தக் கோடையில் போனபோது கிணற்றில் தண்ணீர் வெகு கீழே இருந்தது, போன வருடம் மழை சரியில்லை. மாமா மெதுவாக வாளியை இறக்கி, அடியைத் தொடாமல் மொண்டு குடத்தில் ஊற்றினார். ஒரு டம்ளர் எடுத்து என்னிடம் நீட்டி, “உப்பு கீதா?” என்றார். குடித்தேன். கொஞ்சம் இருந்தது. “இல்ல மாமா” என்றேன். உள்ளே போய் அதே குடத்துத் தண்ணீரில் புளி கரைத்து ரசம் வைத்தேன். உப்பு ஜாடியைத் திறக்கவில்லை. மாமா சோற்றைப் பிசைந்து ரெண்டு வாய் சாப்பிட்டார். பிறகு குனிந்த தலையை நிமிர்த்தாமல், “உங்க அத்த வெச்ச மாரியே கீது” என்றார். அன்று மாலை அவர் நிரப்பிக் கொடுத்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வீடு வந்து சேர்ந்தேன்.