மிளகாய் மில்லில் அரைத்த காபி

ஆன்லைனில் காபிக் கொட்டை வாங்குகிறேன் என்று சொன்னால் எங்கள் வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஏதோ சீட்டுக் கம்பெனியில் நகையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல. என் கணவர் ஆன்லைனில் வாங்கிய ஷூ இரண்டு சைஸ் பெரிதாக வந்து பரணில் கிடக்கிறது. அதற்கு யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை. நான் காபி வாங்கினால்தான் கூட்டம் சேரும்.

எல்லாம் செங்கம் ரோட்டில் ஆரம்பித்தது. தெரிந்தவர் ஒருவருக்கு வாடகை அறை பார்க்கப் போன அன்று, வெயில் தாங்காமல் அங்கே ஒரு காபிக் கடையில் நுழைந்தேன். பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் ஒரு கப் வைத்தார்கள். குடித்தேன். இத்தனை வருஷம் நான் காபி என்று குடித்ததில் பாதி சிக்கரி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கோபம்கூட வந்தது.

அதற்குப் பிறகு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் போனில் இதே வேலைதான். எந்த மலையில் விளைந்தது, என்றைக்கு வறுத்தது, சிக்கரி கலந்ததா, கெட்டுப்போய் வந்தால் திருப்பி எடுப்பார்களா, எல்லாம் பார்த்தேன். வறுத்த தேதி போடாதவனை ஒதுக்கினேன். ஒரு கடைக்கு போன் போட்டே கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்கள். முழுக் கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைத்தால்தான் மணம் நிற்கும் என்று படித்ததால் அப்படியே ஆர்டர் போட்டேன்.

கொட்டை வந்தது. மிக்ஸியில் போட்டால் சூடேறி மணம் போய்விடும் என்றும் எங்கோ படித்திருந்தேன். அதனால் கணவர் வேலைக்குப் போன பிறகு பையை எடுத்துக்கொண்டு நேராக மாவு மில்லுக்குப் போனேன். கணக்கு டீச்சரின் புத்தி அந்த லட்சணம்!

"இன்னா டீச்சர், சீயக்காயா?" என்றார் மில்காரர்.

"காபிக் கொட்டைங்க."

"குடுங்க. ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிட்டா மிஷின் சுத்தமாயிடும். அப்புறம் உங்களுது போடறேன்."

மில்லுக்குள் நுழைந்ததுமே எனக்கு இரண்டு தும்மல் வந்திருந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தார். கணவருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அடுத்த தெருவில் வீடு, எங்கள் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றுக்கும் அபிப்பிராயம் உள்ளவர். அவர் முன்னால் இந்த ஒரு டம்ளர் சரியாக அமைந்துவிட்டால் இனி என் பாட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். சொதப்பினால் இந்த வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கவே இல்லை. தட்டினேன், குலுக்கினேன், ஒரு வழியாக இறங்கியதில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அண்ணி ஒரு வாய் குடித்தார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாடா இது, தொண்டை எரியுது!"

கணவர் தன் டம்ளரைக் குடித்துப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "மிளகாப்பொடி கலந்து அனுப்பியிருக்கானுங்க. நான் அப்பவே சொன்னேன், ஆன்லைன்ல ஏமாத்துவானுங்கனு. போனைக் குடு, ஒரு ஸ்டார் போட்டு கிழிச்சிடறேன்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி முகம் தெரியாத யாரோ ஒரு கடைக்காரன் தலையில் விழும், நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அப்படி விழுந்தால், ஆன்லைனில் வாங்கியதே தப்பு என்று ஆகிவிடும். அதற்கு நான் முட்டாள் என்று ஆவதே மேல்.

"அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் மாவு மில்லுல குடுத்து அரைச்சேன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"சரி உடு" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆசைக்கு ஒரு தடவை வாங்கிட்ட. இனிமே நம்ம கடைப் பொடியே போதும்."

"போதாதுங்க."

அவர்கள் எதிரிலேயே போனை எடுத்தேன். அதே கடை, அதே கொட்டை. இந்தத் தடவை நம்ம வீட்டு ஃபில்டருக்கு ஏற்ற மாதிரி அங்கேயே அரைத்து அனுப்பச் சொல்லி ஆர்டர் போட்டேன். அண்ணி, "திமிரு ஜாஸ்திதான் உனக்கு" என்றார். ஜாஸ்திதான்.

பார்சல் வந்த அன்று உறையைப் பிரித்ததும் சமையலறை முழுக்க மணந்தது. எனக்குக் கருப்பாக ஒரு டம்ளர், கணவருக்குப் பாலோடு ஒன்று. அவர் மெதுவாக, எரிகிறதா என்று சோதிப்பவர்போல உறிஞ்சினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு குற்றம் கண்டுபிடித்த குரலில் சொன்னார்:

"நம்ம கடைப் பொடி மாதிரி இல்லியே."

"இல்லைங்க," என்றேன். "அதுக்குத்தான் வாங்கினேன்."