பதினான்காம் கேள்வி

பதினான்காம் கேள்விக்கு வந்துவிட்டால் ருதைனா தேநீரை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவாள். எள் தூவிய ரொட்டியில் மிச்சமிருப்பதைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறைக்குள் போடுவாள். மடியில் உதிர்ந்த எள்ளைத் தட்டிவிட்டு, மர அடிக்கோலை வரிக்குக் கீழே பொருத்தி, பச்சைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுவாள். முதல் பதின்மூன்று கேள்விகளை ரொட்டி தின்றுகொண்டே படிக்கலாம். கம்பெனி எப்போது தொடங்கியது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வரி கட்டியாயிற்றா என்பதெல்லாம் அதில் வரும். பதினான்காவது அப்படியல்ல. 'பூமி சூடாவதைக் குறைக்க உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது? சான்றுகளுடன் விளக்கவும்.' நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண்.

அம்மான் நகரத்துக் குன்றுகளில் ஒன்றின்மேல் நிற்கும் பெரிய மருத்துவமனையில், கொள்முதல் பிரிவின் கடைசி மேசை அவளுடையது. ஆறு வருடங்களுக்கு முன் இந்தக் கேள்வி மேலிடத்திலிருந்து வந்தபோது வேறு யாரும் அதைத் தொட விரும்பவில்லை. வீட்டுக்கு வந்த அனாதைக் குழந்தையைப்போல அது அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. பிரிவில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. பொறியாளர் முஹன்னத் வாரம் ஒரு முறையாவது சீண்டுவான்.

"நமக்கு வாரத்துல ஒரு நாள்தான் தண்ணி வருது. இந்த லட்சணத்துல உலகத்தோட சூட்ட நாம எறக்கப்போறோமாக்கும், ஏன்க்கா?"

"வாரத்துல ஒரு நாள் வர்றதாலதான்டா கேக்கறேன். உன் வீட்டுத் தொட்டி தெனம் நெறஞ்சு வழிஞ்சா நீயும் கேக்கமாட்ட, நானும் கேக்கமாட்டேன்."

பதில்களைப் படிப்பதில் அவளுக்கு ஒரு கசப்பான ருசி உண்டு. பஞ்சும் கட்டுத்துணியும் விற்கும் ஒரு கம்பெனி பனிக்கரடிப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டு, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தது. இரண்டு கம்பெனிகள் ஒலிவ மரக்கன்று நடும் படத்தை அனுப்பியிருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கோலால் தட்டிக் காட்டினாள். "குழி ஒண்ணுதான். கோட்டுதான் வேற." பேரீச்சம்பழ வியாபாரி ஒருவர் மட்டும் 'எதுவும் செய்யவில்லை, இறைவன் மன்னிப்பானாக' என்று எழுதியிருந்தார். விதிகளில் அரை மதிப்பெண்ணுக்கு இடமில்லை. இருந்திருந்தால் உண்மை சொன்னதற்காக அதைக் கொடுத்திருப்பாள்.

விதி என்றால் அவளுக்கு உயிர். அவளுக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் காபிக் கோப்பையோடு ஒப்பந்தங்களைப் பேசி முடித்தவர். அந்த வாடை தன்மேல் படக்கூடாது என்று அவள் எடுத்த முடிவு கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாழ்க்கை முழுவதையும் வளைத்துக்கொண்டது. ரமலானில் வீடு தேடி வரும் இனிப்புப் பெட்டிகளைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவாள். சப்ளை செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். தெருமுனையில் நல்ல ரொட்டிக்கடை இருக்கிறது. கடைக்காரர் மருத்துவமனை ரொட்டிக்கு மனுப் போடுகிறவர் என்பதால், தினமும் காலையில் இரண்டு தெரு தள்ளி மேடேறிப்போய் வேறு கடையில் வாங்குவாள். ஒரு கம்பெனியைப் பற்றி யாராவது "எனக்குத் தெரியும், நல்ல மனுஷன்" என்று ஆரம்பித்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"பேப்பர்ல இல்லாதது பூமியில இல்ல."

இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. இப்போது கொஞ்ச நாளாக அதை அவள் சொல்வதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் சலவை ஒப்பந்தம் ஏலத்துக்கு வந்தது. அறுவைக்கூடத் துணிகள் தனி. இது போர்வை, திரைச்சீலை, ஊழியர் விடுதி விரிப்புகளுக்கானது. அதுவரை ஒன்பது வருடங்களாக அவற்றை வெளுத்தவள் ருஸைஃபாவில் சலவைக்கூடம் நடத்தும் உம்மு கைஸ். கிடங்குக்காரர் அபூ ஃபாரிஸ் புதுக்கட்டு வந்திறங்கும்போதெல்லாம் மேல் போர்வையில் முகத்தைப் புதைத்து எடுப்பார்.

"அம்மாடி, இங்க வந்து மோந்து பாரேன். வெயில் வாசன அடிக்குது."

"வாசனைக்கு மார்க் இல்லீங்க, அபூ ஃபாரிஸ்."

நான்கு பேர் மனுப் போட்டார்கள். உம்மு கைஸின் பதினான்காம் பதில் நீல மையில், கையெழுத்தில் மூன்றே வரி. 'எங்கள் கூடம் நவீனமானது. டீசலில் ஓடும் இரண்டு பெரிய உலர்த்தும் இயந்திரங்கள் காலை முதல் மாலைவரை இயங்குகின்றன. ஒவ்வொரு அலசலுக்கும் புதுத் தண்ணீர்தான் பயன்படுத்துகிறோம்.'

முஹன்னத் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "என்னத்தக் கொறைப்பேன்னு கேட்டா, என்னத்தக் கூட்டுவேன்னு எழுதியிருக்குக்கா இந்தம்மா!"

ருதைனாவும் சிரித்தாள். பிறகு அடுத்த தாளைப் புரட்டினாள். டீசல் வாங்கிய ரசீதுகள், ஒரு வருடத்துக்கானவை. மொத்தமே நானூறு லிட்டர்தான். அந்த அளவு இயந்திரங்கள் இரண்டுக்கு அது மூன்று நாள்கூடக் காணாது. அடிக்கோல் அந்த வரியின் கீழ் கொஞ்ச நேரம் நின்றது. ஓரத்தில் பச்சை மையால் எழுதினாள்: 'ரசீதுகள் முழுமையாக இல்லை.'

முஹன்னத் சிரிப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "கணக்கு ஒதைக்குதேக்கா. ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமா?"

கேட்டிருக்கலாம். அதற்கு விதியில் இடம் உண்டு. உறைகளைப் பிரித்து மூன்று வேலை நாளுக்குள், மனுவில் புரியாததை எழுத்தில் கேட்கலாம். ஒருவரிடம் கேட்டால் அதே கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அன்று மூன்றாம் நாள், வியாழக்கிழமை. மறுநாள் பெருநாள் விடுமுறை தொடங்குகிறது. நாலு கடிதம், நாலு முத்திரை, பதில் வரும்வரை காத்திருப்பு. வெளியே தாழ்வாரத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"பேப்பர்ல இல்லாதது பூமியில இல்ல" என்றாள் ருதைனா. கட்டத்துக்குள் ஒரு பூஜ்யம் வரைந்தாள். அவளுடைய பூஜ்யம் எப்போதும் அழகாக, முனை கூடி நிற்கும்.

ஆறு மதிப்பெண்ணில் உம்மு கைஸ் தோற்றாள். ஒப்பந்தம் ஸஹாபில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. அவர்களுடைய பதினான்காம் பதில் நாற்பது பக்கம், வழவழப்பான தாளில், வரைபடங்களோடு. பதின்மூன்று மதிப்பெண். அவர்கள் போர்வைகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் ரோஜா வாசனையோடு வருகின்றன. கொண்டுவரும் லாரி, சரக்கு இறக்கி முடியும்வரை எஞ்சினை அணைக்காமல் கிடங்கு வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். அபூ ஃபாரிஸ் ஒருமுறை உறையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுத் தும்மினார். அதன்பிறகு அவர் மோந்து பார்ப்பதில்லை.

அந்த மூன்று வருடம் முடிந்து இப்போது சலவை மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கிறது. இந்த முறை வந்திருக்கும் புது விதிப்படி, உறைகளைப் பிரிப்பதற்கு முன் மனுப் போட்டவர்களின் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் பட்டியலில் உள்ளதை மட்டும் கேட்கலாம். வேறு ஒரு சொல் பேசினாலும் அது சாதகம் காட்டுவதாகும். போன வாரம் ருதைனாவும் அபூ ஃபாரிஸும் ருஸைஃபாவுக்குப் போனார்கள்.

உம்மு கைஸ் அகலமான உடம்புக்காரி. சட்டைக் கைக்கு மேலேயே ஆண்கள் கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தாள். வாசலிலேயே சிரித்தாள்.

"வாங்க மேடம், வாங்க. நீங்க போட்ட முட்டைய மூணு வருஷமா அடைகாத்துக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவ கட்டாயம் குஞ்சு பொரிக்கும்."

உள்ளே இரைச்சல் காதைப் பிளந்தது. ஆள் உயர இயந்திரங்கள் இரண்டு, புதியவை, வெப்பத்தைக் கக்கிக்கொண்டு சுழன்றன. முன்பு பதினோரு பெண்கள் வேலை செய்த இடத்தில் நால்வர் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். உம்மு கைஸ் ஒரு இயந்திரத்தின் முதுகில், எருமையைத் தட்டுவதுபோலத் தட்டினாள்.

"இப்ப நெசமாவே ஓடுது, பாத்துக்குங்க. அப்ப நான் எழுதுனது பொய்தான் மேடம். ஓட்டை மெஷின் ரெண்டு கெடந்துச்சு, மழ நாள்ல மட்டும் ஓட்டுவேன். டீசல் ரசீதப் பாத்து நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க, மார்க் சீட்டுலயே எழுதியிருந்துச்சு. முட்டையப் போட்டீங்க. நியாயந்தான், கோவமே இல்ல."

"அப்ப துணிய எதுலம்மா காயவச்ச?" அபூ ஃபாரிஸ் பட்டியலில் இல்லாததைக் கேட்டுவிட்டார்.

உம்மு கைஸ் குரலைத் தாழ்த்தினாள். இரைச்சலில் அவள் உதடுகளைப் பார்த்துத்தான் பாதி புரிந்தது. "மாடியில கண்ணாடிக்கூண்டு கட்டியிருந்தேன். வெயில்லயேதான் காயும், ஒரு தூசி அண்டாது. வெந்நியும் வெயில்லதான், மேல கொழாய் வச்சிருந்தேன். கடைசியா அலசுன தண்ணிய வீணாக்காம தொட்டியில புடிச்சு, அடுத்த துணிக்கு மொத அலசலுக்கு ஊத்துவேன். நமக்கு வாரத் தண்ணிதானே, என்ன பண்றது? ஆனா இதையெல்லாம் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத முடியுமா? இல்லாத வீட்டுத் துணிக்கொடி மாதிரி, ஊத்துன தண்ணியவே ஊத்தறேன்னு... மானம் போயிடாது? அந்த முட்டைக்கு அப்புறம் எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். நகைய வித்து மெஷின் எறக்கிட்டேன்."

"அதான் அந்த வாசனையா!" என்றார் அபூ ஃபாரிஸ்.

மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அறுத்தெடுத்த இரும்புக் கால்களின் அடிக்கட்டைகள் தரையில் வரிசையாக நின்றன. கண்ணாடிகள் மட்டும் சுவரில் சாய்த்து, சாக்குப் போட்டு மூடியிருந்தன. சாக்கு விலகிய இடத்தில் வெயில் பட்டு, எதிர்ச் சுவரில் ஒரு சதுர வெளிச்சம் கிடந்தது.

"கொழாயெல்லாம் போயிடுச்சு. இத மட்டும் குடுக்க மனசு வரல. பழைய சாமான்காரன் ரெண்டு தடவ வந்து திரும்பிட்டான்."

ருதைனா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. இதுதான் அம்மா, இதற்குத்தான் அந்தப் பதினைந்து மதிப்பெண், நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டது இதைத்தான். கையில் பட்டியல் இருந்தது. ஏழாவது வரிவரை சரி போட்டிருந்தது.

"அவசர வழி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

உம்மு கைஸ் பெருமையோடு காட்டினாள். புதிதாகச் சிவப்புச் சாயம் அடித்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில் அபூ ஃபாரிஸ் மார்க்கா திருப்பத்தில் கேட்டார். "ஏம்மாடி, அங்க போயி அவசர வழியக் கேட்ட?"

"லிஸ்ட்ல அதான் இருந்துச்சு."

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை உறைகளைப் பிரித்தார்கள். உம்மு கைஸின் மனு இம்முறை கணினியில் அச்சடித்து வந்தது. பதினான்காம் பதிலில் இயந்திரங்களின் எண், குதிரைத்திறன், ஒரு நாளைக்குச் சுழலும் மணி நேரம். பன்னிரண்டு மாத டீசல் ரசீதுகள், மாத வாரியாக அடுக்கி, நூல் கோத்து. ஒரு ரசீதுகூடக் குறையவில்லை. லிட்டர்க் கணக்கு அச்சுக் கோத்ததுபோல ஒத்துப்போனது. ருதைனா இத்தனை வருடங்களில் பார்த்த மனுக்களிலேயே குற்றம் சொல்ல முடியாத மனு அதுதான். அந்தப் பதினான்காம் பதிலுக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவும் போட முடியாது.

செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. கட்டம் காலியாகவே இருந்தது. இழுப்பறையில் முந்தா நாள் ரொட்டி காய்ந்து கிடந்தது. வியாழக்கிழமை நண்பகலில் முஹன்னத் மேசையருகே வந்து நின்றான். இப்போதெல்லாம் அவன் சீண்டுவதில்லை.

"கேள்வி கேக்கற நேரம் ரெண்டு மணியோட முடியுதுக்கா."

"தெரியும்டா."

நான்கு தாள்களை எடுத்தாள். நான்கிலும் ஒரே கேள்வியை எழுதினாள். 'உங்கள் மாடியில் என்ன இருக்கிறது? இப்போது பயன்படுத்தாமல் வைத்திருப்பதையும் எழுதவும்.'

முஹன்னத் அதை இரண்டு தரம் படித்தான். "அந்தம்மா உள்ளத உள்ளபடி எழுதுனாக்கூட, பிரிச்சுச் சாச்சு வச்ச கண்ணாடிக்கு மார்க் கெடையாதேக்கா."

"கெடையாது."

"அப்புறம் எதுக்கு?"

"பேப்பர்ல ஏறட்டும்டா" என்றாள். முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி எடுத்து, நான்கு தாள்களிலும் வரிசையாகப் பதித்தாள். மை அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, கடைசித் தாளில் வட்டம் ஈரமாகப் பளபளத்தது. முஹன்னத் ஒற்றுத்தாளை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. அந்தத் தாளை இரண்டு கையாலும் ஓரம் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில் விழுந்திருந்த வெயிலில் அதை விரித்துப் பிடித்தபடி, மை காயும்வரை அங்கேயே நின்றாள்.