பத்தடி பேனரில் என் வீட்டுக்காரர்

போன வருடம் நான் ஒரு கேமரா வாங்கினேன். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுப்பது என் தொழில். போனில் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் முத்தும் ஜரிகையும் ஒன்றாகக் குழைந்து, அரைத்து வைத்த சட்னி மாதிரி தெரியும். புது கேமராவில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நின்றது, நூல் முடிச்சுகூடத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மட்டும், "துணியப் படம் புடிக்க இத்தாம்பெரிய மெஷினா?" என்று ஒரு வாரம் முனகினார். தக்காளிக்கு மருந்தடிக்க அவர் மெஷின் வாங்கியபோது நான் முனகினேனா? இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் தானாக வந்து, "என்னைய ஒரு போட்டோ புடிச்சுக் குடு" என்று நின்றார். கடத்தூரில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். இவர்தான் தாய்மாமன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் மண்டப வாசலில் பேனர் இருக்கவேண்டும், பேனரில் தாய்மாமன் இருக்கவேண்டும்.

நாத்தனாரின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, இவருடைய ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கிப் போட்டுவிட்டார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மனுஷனா மூட்டையா என்றே தெரியவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் இவரிடமே, "மாமங்காரரு வரலீங்களா?" என்று கேட்டார். சீர்த்தட்டு தூக்கி ஊர் நடுவே நடந்து வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கு இவர் பாயசத்தைத் தொடவில்லை.

"இந்தத் தடவ பாத்தவொடனே தெரியணும், நாந்தான் மாமன்னு" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

மத்தியானம் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்ட கையோடு அவரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தினேன். யூடியூப் பார்த்துப் பார்த்து நான் பாதி நிபுணராகியிருந்தேன். சுள்ளென்ற வெயிலில் எடுக்கக் கூடாது, கண்ணுக்கு ஃபோகஸ் வைக்க வேண்டும், படத்தில் உயிர் வர வேண்டுமென்றால் ஆளைச் சிரிக்க வைக்க வேண்டும். இவரோ ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி விறைத்து நின்றார்.

"பல்லு தெரியச் சிரிங்க."

"சிரிச்சா மாமன் மாதிரி இருக்காது."

"உம்முனு இருந்தா மட்டும் இருக்குதாக்கும்?"

அவர் விடுகிற குறட்டையை விட்டுக் காட்டினேன். மனுஷன் வாய் கொள்ளாமல் சிரித்தார். எடுத்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பார்த்தேன். இமை மயிரை எண்ணலாம். கருவிழிக்குள் வேப்பமரமும் நானும் தெரிந்தோம். அந்தப் பூரிப்பில் நான் மூக்குக்குக் கீழே இறங்கவேயில்லை. அவர் அந்தச் சின்னத் திரையில் தன் மீசையைப் பார்த்து மயங்கிப்போயிருந்தார்.

பேனர் கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, இத்தன ஷார்ப்பா ஒரு படம் நம்ம கடைக்கு வந்ததே இல்லீங்க. கலர இன்னும் கொஞ்சம் தூக்கி உடறங்க." தூக்கி விடுங்கள் என்று நானும் சொன்னேன்.

காதுகுத்தன்று சீர்த்தட்டுகளோடு மண்டப வாசலில் இறங்கினோம். பத்தடி உயரத்துக்கு என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசைப் பல்லிடுக்கில், வெற்றிலை அளவுக்கு ஒரு கீரை. நரம்புகூடத் தெரிந்தது. அதன் பச்சையை வேறு கடைக்காரர் நன்றாகத் தூக்கி விட்டிருந்தார்.

"சிறுகீரைங்களா?" என்றார் ஒருவர். "நல்லாப் பாருங்க, அரக்கீர" என்றார் இன்னொருவர். வந்தவர்கள் எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள், பிறகு இவர் வாயைப் பார்த்தார்கள். "வெள்ளப் பேப்பரு ஒட்டிறலாங்ணா" என்றாள் நாத்தனார். ஒட்டினால் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும் என்று நான்தான் தடுத்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்களே, இவர் தன் வாயை மூடிக்கொண்டார். உதட்டைப் பிரிக்காமலே என்னிடம், "உன்ற கேமராவக் கொண்டுபோயி ஒகேனக்கல்ல போடு" என்றார். எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சிரித்திருந்தால் குடும்பமே பிரிந்திருக்கும்.

குத்துகிற நேரம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்த குழந்தை, ஆசாரி கையில் ஊசியைப் பார்த்ததும் தூணைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. இவர் மடியை விரித்துக் கூப்பிட்டார். வாயைத் திறக்காமல் கூப்பிட்டால் எந்தக் குழந்தை வரும்? நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். நாத்தனாரின் கொழுந்தனார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, "மாமங்கிட்ட வரலீன்னா பரவால்ல, எம்மடியில உக்காத்துங்க" என்று முன்னால் வந்தார்.

தாய்மாமன் இருக்கும்போது வேறொருவர் மடியா? என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. கேமராவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்தப் பிள்ளை இவர் மடியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

குழந்தை தேம்பலை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தது.

"மாமா, கீர இன்னும் இருக்குதா?"

இவர் சுற்றிலும் ஒருதரம் பார்த்தார். பிறகு, பேனரில் இருந்ததைவிடப் பெரிதாக வாயைத் திறந்தார்.

குழந்தை தூணை விட்டுவிட்டு வந்து மடியில் ஏறி, இவர் வாய்க்குள் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகச் சோதித்தது. ஆசாரி காரியக்காரர், அதற்குள் ஒரு காதைக் குத்திவிட்டார். குழந்தை பிடித்திருந்த பல்லை இறுக்கி இழுத்தது. அலறியது இவர்தான். அடுத்த காதுக்கும் அதேதான்.

அதன்பிறகு அது மடியை விட்டு இறங்கவில்லை. ஆசி சொல்ல வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இவர் உதட்டை இரண்டு கையாலும் விரித்து, "எங்க மாமா, பாருங்க" என்று காட்டியது. இவர் ஆவென்று வாயைத் திறந்தபடி வரிசையில் வந்த எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

நான் தயங்கித் தயங்கிக் கேமராவைத் தூக்கினேன்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கற? புடி, வாயி வலிக்குது" என்றார்.