நான் தட்டிவிட்ட போரிக் தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி முனிசிபாலிட்டி என்னை வைசூரி ஷெட்டில் போட்டதற்குக் காரணம் என் மூஞ்சிதான். சின்ன வயசிலேயே அம்மை வந்து போனதால் முகமெல்லாம் வடு. இனி ஒட்டாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, துணி கொளுத்துவது, பிணம் எடுப்பது என் வேலை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் பிலோமினா சிஸ்டர், கன்னியாஸ்திரீ மடத்திலிருந்து வந்த மலையாளி. சம்பளமில்லாமல் ஒருத்தர் சீழ் துடைப்பாரா? எனக்கு அப்பவே இடித்தது.

ஒருநாள், சாகக் கிடந்த அநாதைக் குழந்தையின் தலையில் அவர் மூன்று தரம் தண்ணீர் ஊற்றி முணுமுணுத்ததைப் பார்த்தேன். ஞானஸ்நானம்! அடிப்பாவி என்று மனசுக்குள் திட்டினேன். அதற்கப்புறம் அவர் கிண்ணத்தை எடுத்தாலே என் பார்வை அங்கேதான்.

அந்த மாசமே என் மகள் செல்வியை நானே தூக்கிவந்து அங்கே கிடத்தும்படி ஆச்சு. ஒன்பது வயசு. காய்ச்சலில் நினைவே இல்லை. மறுநாள் சிஸ்டர் கிண்ணமும் பஞ்சுமாக அவள் முகத்தருகே குனிந்தார். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

"எம்பொண்ணத் தொடாதீங்க! உங்க வேலை எனக்குத் தெரியும்."

"இது போரிக் வெள்ளம், மாரியப்பா. கண்ணு கழுவலேன்னா பழுத்துப் போகும்."

"அந்தக் குழந்தைக்கு என்ன செஞ்சீங்க?"

"ஞானஸ்நானம் கொடுத்தேன். உன் மகளும் கர்த்தாவுகிட்ட வரணும்னு எனக்கு ஆசை உண்டு. ஆனா அப்பன் இருக்கிற பிள்ளைக்குக் கேட்காம செய்யமாட்டேன்."

ஆசை உண்டு என்று அவர் வாயாலேயே சொன்னாரே, எனக்கு அது போதாதா? மூன்று நாள் கட்டிலடியில் காவல் இருந்தேன். மற்றவர்களுக்குக் கண் கழுவிவிட்டு வந்து, சிஸ்டர் என்னைப் பார்ப்பார். வேண்டாம் என்று தலையாட்டுவேன்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "அப்பா, கண்ணு திறக்கல" என்று செல்வி அழுதாள். இமை சீழில் ஒட்டிக் கிடந்தது. சிஸ்டர் காலில் விழுந்தேன். அவர் பஞ்சால் நனைத்து நனைத்துத் திறந்தார். வலது கண் பிழைத்தது. இடது கண் போய்விட்டது.

வீட்டுக்குக் கிளம்பும்போது, "இன்னும் அந்த ஆசை இருக்கா சிஸ்டர்?" என்றேன்.

"உண்டு" என்றார்.

நாங்கள் மதம் மாறவில்லை. அவரை முழுசாக நம்பினேன் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: சந்தேகம் வந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். கையைத் தட்டிவிடாதீர்கள்.

வருஷங்கள் கழித்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன அன்று செல்வி கேட்டாள்: "அந்த ஷெட்டுல கிடந்த மத்தவங்களுக்கெல்லாம் கண்ணு நல்லாயிருக்கே, எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி?"

"சிஸ்டர் கவனிக்கல" என்று சொல்லிவிட்டேன்.