வெட்டச் சொன்ன நாற்பது வினாடி

படத்தின் நீளம் பதினெட்டு நிமிடம். அதில் நாற்பது வினாடியை வெட்டினால் விழாவில் போடுவோம் என்றார்கள். வெட்டமாட்டேன் என்றேன். சண்டை அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது வினாடியில் என்னுடைய பத்தொன்பது வருடப் பொய் இருந்தது.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வயதானவர்களைக் குளிப்பாட்டுவேன், உடுப்பு மாற்றுவேன், மலசலம் எடுப்பேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவைக் கேட்டால் மகளுக்கு ஒஃபிஸில் வேலை என்பார். வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேர் கிடந்தபோது, நான்தான் அப்படிச் சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

படம் எடுக்கும் கிறுக்கு எனக்கு ஆத்தேயிடமிருந்து தொற்றியது. அவர் என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண். மூத்த சகோதரியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய தகப்பன் ஊரில் படச்சுருள் கொண்டு ஓடியவர். ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டுவார்களாம். ஒரு தியேட்டரில் ஒரு சுருள் முடிந்ததும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மற்றத் தியேட்டருக்கு மிதிக்கவேண்டும். ரயரில் காற்றுப் போன நாளில் சனம் விசிலடித்துத் தகப்பனின் பரம்பரையையே திட்டுமாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

லஞ்ச் ரூமில் சோறு தின்றபடியே தன் நாட்டுச் சினிமா முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய படங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிச்சம். நெருப்பு தின்றது போக, பிறகு வந்த எத்தனையோ சுருள்களும் புழுக்கத்தில் வினாகிரி மணம் அடித்து அழிந்துபோயின. சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் அவன் மனைவிக்கு நாட்டின் அழகு மட்டும்தான் படத்தில் தெரியவேண்டும். சேரிகளை வேலி அடித்து மறைத்தார்கள். அதே சேரிக்குள் கமராவோடு போனவர்களும் இருந்தார்கள். தணிக்கைக்குத் தப்பிச் சுருள்கள் களவாக வெளிநாட்டு விழாக்களுக்குப் போயின. பிறகு ஏழே நாளில் படத்தை முடிப்பவர்கள் வந்தார்கள். அதற்கும் பிறகு, சின்ன டிஜிற்றல் கமராவையும் அயலட்டைச் சனத்தையும் வைத்துக்கொண்டு எடுப்பவர்கள் வந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

“உன்னிடம் ஃபோன் இருக்கு, நாலு நாள் லீவும் இருக்கு. பிறகென்ன சாட்டு?” என்று ஆத்தே ஒருநாள் கேட்டார்.

எடுத்தோம். ஒரு முதியோர் இல்லப் பணிப்பெண்ணின் ஒரு நாள்தான் கதை. நடித்தது நான், ஃபோனைப் பிடித்தது ஆத்தே. பிக்கரிங்கில் இருக்கும் சின்னம்மா தன் வீட்டுக் கட்டிலிலேயே நோயாளிக் கிழவியாகப் படுத்தார். அந்த நாற்பது வினாடியில் நான் ஒரு கையில் மலசலம் நிறைந்த பெட்பானோடும் மறு கையில் ஃபோனோடும் நிற்பேன். “ஓம் அம்மா, ஒஃபிஸிலதான் நிக்கிறன். ஏசி குளிருது” என்பேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குறும்பட விழாவுக்கு அனுப்பும் முன், ஆத்தே ஒரு வழி சொல்லித்தந்தார். தணிக்கைக்காரர் வெட்டுவதற்கென்றே அவர்கள் நாட்டு இயக்குநர்கள் வேண்டாத காட்சி ஒன்றைச் சேர்த்துவிடுவார்களாம். கத்தரிக்கோல் அதைத் தின்றுவிட்டுப் போய்விடும், வேண்டிய காட்சி தப்பும். நானும் பல்கனியில் நின்று சிகரெட் பிடிப்பதாக ஒரு காட்சி சேர்த்தேன். தமிழ்ப் பெண் புகை விட்டால் கமிட்டி துள்ளாதா?

துள்ளவில்லை. நாலு ஆண்கள் அரை மணித்தியாலம் விவாதித்து, கீழே “புகைத்தல் உடல்நலத்துக்குக் கேடு” என்று ஒரு வரி போட்டால் சரி என்று முடிவெடுத்தார்கள். இந்தியப் படம் பார்த்துப் பழகிய சனம். எனக்கு என் புத்தியை நினைக்கத்தான் ஆத்திரம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு மானம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

“தங்கச்சி, அந்தப் பெட்பான் சீனை மட்டும் வெட்டுங்கோ,” என்றார் தலைவர்.

“ஏன் அண்ணை?”

“யூரியூப்பில போட்டா ஊரில எல்லாரும் பாப்பினம். நாங்கள் இஞ்ச கக்கூஸ் கழுவுறம் எண்டு நினைப்பினம்.”

“கழுவுறம்தானே அண்ணை. நீங்கள் வந்த புதுசில என்ன செய்தனீங்கள்?”

“அது வேற கதை,” என்று அவர் கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

“அந்தக் கதையையும் படமா எடுக்கலாம், அண்ணை,” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

ஆத்தே மாதமொருமுறை சனிக்கிழமை மத்தியானம் தன் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் தங்கள் நாட்டுப் படம் போடுவார். அந்த மாதம் என்னுடையதை முதலில் போட்டார். பெரும்பாலும் அவருடைய ஆட்கள், எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர். பெட்பான் காட்சியில் பிலிப்பைன்ஸ் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஊருக்கு ஹோட்டல் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறார்களோ! எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு என் அம்மாவைத் தெரியும்.

படம் முடிந்ததும் ஸ்ரௌவ்வில்லிலிருந்து வந்திருந்த அங்கிள் ஒருவர் எழும்பினார்.

“பிள்ளை, நல்லாத்தான் இருக்கு. ஆனா உதை ஊருக்கு மட்டும் அனுப்பிப் போடாதேயும். கொம்மா தாங்கமாட்டா.”

“காலமை அனுப்பிப்போட்டன், அங்கிள்.”

சொல்லிவிட்டு எழும்பி, ஆத்தேயின் படத்துக்காக விளக்கை அணைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டார் என்று ஃபோன் காட்டுகிறது. இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் அழைக்கவில்லை. எனக்குப் பயம்தான். ஆனாலும் அழைக்கட்டும். “பதினாலாம் அறைக் கிழவியைக் கழுவிக்கொண்டு நிக்கிறன், கை ஈரம், கொஞ்சம் பொறுங்கோ அம்மா” என்பேன்.