முழுங்க முடியாத ஒரு 'இஃப்'

தென்காசியில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. இங்கிலீஷை ஒரு பழைய கிராமர் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகத்தான் பிடித்தேன். அந்த வருஷம் 'வுட்', 'கேன்', 'மே', 'மஸ்ட்' இவற்றோடு 'இஃப்', 'அன்லெஸ்' இவற்றைச் சேர்த்து நோட்டு நிறைய வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் குடை எடுப்பேன். சீக்கிரம் கிளம்பாவிட்டால் ரயிலைப் பிடிக்க முடியாது. நம் பேச்சில் 'பெய்தால்' என்று வினையின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிற நிபந்தனை, இங்கிலீஷில் சீர்த்தட்டுக்கு முன்னால் வருகிற மேளம் மாதிரி தனியாக வந்து நிற்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அந்தச் சீசனில் குற்றாலத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு வீட்டாரும் குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி காட்டிக்கொள்வது அப்போது வழக்கம். பிடிக்காவிட்டால் துண்டைப் பிழிந்துகொண்டு கிளம்பிவிடலாம். பெண் செங்கோட்டையில் டீச்சர். எனக்குப் பிடித்துவிட்டது. பெரியப்பாதான் புறப்படும்போது, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுரணும்" என்று அவள் காதுபடச் சொல்லிவைத்தார்.

அடுத்த வாரம் அவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ்; நான் அதை நானாகப் படிக்கிறேன் என்று குற்றாலத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் எல்லாருக்கும் உரக்கப் படித்தாக வேண்டும்.

"படிலே, கேப்போம்" என்றார் பெரியப்பா. "தமிழ்ல சொல்லு."

இரண்டே வரி. 'இஃப்' போட்டு ஒன்று, 'அன்லெஸ்' போட்டு ஒன்று. நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போகலாம் என்றால் உங்கள் வீட்டுக்கு வருவேன். அதற்கு நீங்கள் சம்மதிக்க முடியாவிட்டால் பதில் எழுத வேண்டாம்.

அந்த 'இஃப்'பை முழுங்கிவிட்டு 'வருவேன்' என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? முழுசாகவே சொன்னேன்.

பெரியப்பா வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்தார். "அவ கேக்கது தப்பில்ல. இங்கிலீசுல கேக்கதுதான் தப்பு. நமக்குப் புரியுத மாதிரி கேட்டிருந்தா அங்கனயே முடியாதுன்னு சொல்லியிருப்பம்லா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "போனா எத்தன மணிக்குத் திரும்புவா?"

"அஞ்சரைக்கு வந்துரலாம்."

"நீ லாரி ஆபீசுலேருந்து எட்டு மணிக்கு வாரியே, ஒன்ன யாரு என்ன சொன்னா? போயிட்டு வரட்டும்."

"நீயே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று பெரியப்பா எழுந்து சட்டையைத் தேடினார். அதுதான் அவருடைய சம்மதம்.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'யூ மே கோ' என்று எழுதினேன். போகலாம் என்று சொல்ல நான் என்ன ஹெட்மாஸ்டரா? கிழித்துப்போட்டேன். நாலு தாள் போன பிறகு ஒரு வரி வந்தது: நீங்கள் பள்ளிக்கூடம் போவீர்கள், நான் சாயங்காலம் ஆபீசில் சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷனுக்கு வருவேன்.

நாலாம் நாள் அவளிடமிருந்து தமிழில் ஒரு கார்டு வந்தது. பள்ளிக்கூட லீவில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அத்தையிடம் கேட்கவும் என்றிருந்தது.

"லீவுலயே வைப்போம்லே" என்றாள் அம்மா. "சேந்தாப்புல நாலு நாளு இங்கன இருப்பால்லா."