ஒரு பூட்ஸ் அகலம்

நோரீன் பெக்வித்துக்குக் காப்பி ஊற்றத் தெரியாமல் போனதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

பயணத்தின் இரண்டாம் நாள் காலை. ஆற்றோர முகாமில், கொசு மொய்க்க, ஆறு விருந்தாளிகளும் மரப்பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிலின் மூக்கு கோப்பைக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. காப்பி பலகைமேல் ஓடியது.

"எவன்டா பலகையைச் சாய்ச்சு வச்சது?" என்றார் நோரீன்.

எல்லோரும் சிரித்தார்கள். பலகை நேராகத்தான் இருந்தது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பதில் மீன் அடைக்கும் ஆலையில் வேலைக்கென்று அலாஸ்கா வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ பனியாற்றுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் ஆலைக்குத் திரும்பவில்லை. அதற்குப்பின் முப்பது கோடைகளுக்கு மேல் அந்த ஒரே பனியாற்றில் ஆட்களை நடத்திக்கொண்டு போயிருக்கிறார். குளிர்காலத்தில் பள்ளிக்கூட ரோடுகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். இரண்டு கல்யாணம். "ரெண்டு பேருமே தங்கமானவங்கதான். ஆனா ரெண்டு பேருக்கும் அரிசோனா மேல ஒரு கண்ணு. நான் எங்க போறது அந்த அடுப்புக்குள்ள?" என்பார். விருந்தாளிகளுக்கு இந்த வசனம் முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டுவிடும்.

எங்கள் பயணம் ஏழு நாள். வேன், கூடாரங்கள், கரடி எடுக்காமல் சாப்பாட்டைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி. நான்காம் நாள் பனியாற்று நடை. அதற்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். மற்ற ஆறு நாளும் அந்த ஒருநாளுக்குக் கட்டிய வால் மாதிரி. நோரீன் முன்னால் போவார். அவருடைய உதவியாளனான நான் கடைசியில் வருவேன். மூன்று வருடமாக இப்படித்தான்.

அந்த வருடம் வேனை ஓட்ட என்னிடம் கொடுத்துவிட்டார். முதுகுவலி என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டுப் பலகைகள் வரும்போது இடதுகண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கூடார ஆணிகளைக் கையால் தடவி, பிறகு சுத்தியலை வைத்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்ப்பது எனக்குச் சுலபம். சொல்வதுதான் வராது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆற்றில் பாத்திரம் கழுவும்போது எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நோரீன், உங்க கண்ணுல ஏதாவது..."

அவர் பீன்ஸ் சட்டியை மணலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கோட்டான்," என்றார். அவர் எனக்கு வைத்த பெயர் அது. "உனக்குக் கண்ணு பெரிசு. அதுக்குச் சமமா வாயும் வளர வேணாம்."

"டாக்டர்கிட்ட..."

"ஏப்ரல்ல போனேன். இடது கண்ணுல நடுப்பகுதி போயிடுச்சாம். எது கிட்ட, எது தூரம்னு குழம்பும்னான். பனிமேல ஏறாதேன்னான். அந்த ஆளு பனியை ஐஸ்பெட்டியிலதான் பார்த்திருப்பான்." சட்டியைக் கவிழ்த்தார். "இந்த ஒரு சீசன். முதலாளி காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே என்னைக் கீழ இறக்கிடுவாரு. இறக்கிட்டா நான் யாரு சொல்லு? ரோட்ல பனி தள்ற பொம்பளை."

நான் சட்டியை வாங்கி அலசினேன்.

"அந்தப் பனியை என் காலுக்கே தெரியும்டா," என்றார்.

காலுக்குத் தெரிந்த பனி போன வருடத்துப் பனி. பனியாறு நகர்கிறது, கரைகிறது. நேற்று மூடியிருந்த வெடிப்பு இன்று திறந்திருக்கும். இது அவர் எனக்குச் சொன்னதுதான்.

மறுநாள் காலை, பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள்ளைக் கட்டி முடித்ததும், எல்லோரையும் நிற்கவைத்து வழக்கமான பாடத்தைச் சொன்னார். வெடிப்பு வந்தால் முன்னால் போகிறவர் அதன் அகலத்தைக் கூவுவார். 'ஒரு பூட்ஸ்' என்றால் ஒரு பூட்ஸ் நீளம், சாதாரணமாகத் தாண்டலாம். 'ரெண்டு பூட்ஸ்' என்றால் நின்று, எம்பித் தாண்ட வேண்டும். கேட்டவர் அதை அப்படியே பின்னால் இருப்பவருக்குக் கூவ வேண்டும். கடைசி ஆள் கூவினால்தான் முன்னால் இருப்பவர் அடி எடுத்து வைப்பார்.

"நடுவுல யாரும் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது. ஆளுக்கொரு அளவு சொன்னா ஆளுக்கொரு குழியில விழணும்."

நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்த டுவைட் என்பவர், "எங்க வீட்ல இது நடக்காத காரியம். என் பொண்ணு எதையும் ரெண்டு மடங்காத்தான் சொல்லுவா," என்றார்.

"அப்பா, வாயை மூடுங்க," என்றாள் பதினைந்து வயது பிரின். அவளுக்கு நோரீனை ரொம்பப் பிடித்திருந்தது. முதல் நாளிலிருந்தே அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தாள். பனியிலும் அவருக்கு அடுத்தபடியாக நின்றுகொண்டாள்.

முதல் ஒருமணி நேரம் நன்றாகப் போயிற்று. நோரீன் பனிக்கோடரிக் காம்பால் பனியைத் தட்டித் தட்டிப் போனார். விருந்தாளிகள் அதை அனுபவம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு பாதை ஒரு மேட்டிலிருந்து வளைந்து இறங்கியது. வரிசையின் முனை கீழே, நான் மேலே. எனக்கு நேர்க்கீழே அந்த வெடிப்பு தெளிவாகத் தெரிந்தது. நீலமாக, வாயை நன்றாகத் திறந்துகொண்டு. நோரீன் அதன் முன்னால் நின்றார். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு பூட்ஸ்!"

"ஒரு பூட்ஸ்!" பிரின். "ஒரு பூட்ஸ்!" டுவைட். ஒவ்வொரு வாயாக ஏறி என்னிடம் வந்தது. அது ஒன்று இல்லை, இரண்டு. அதைவிடவும் கூட இருக்கலாம். எனக்குத் தெரிந்தது. கீழே ஏழு பேர் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஒரு பூட்ஸ்," என்று கூவினேன்.

நோரீனுக்கு நீளமான கால். முப்பது வருடப் பழக்கத்தில் அது அவரைத் தாண்டவைத்துவிட்டது. பிரின் ஒரு பூட்ஸுக்கு எவ்வளவு எட்டிவைக்க வேண்டுமோ அவ்வளவுதான் வைத்தாள்.

இடுப்புவரை உள்ளே போனாள். முதுகுப்பை விளிம்பில் மாட்டிக்கொண்டது, அதுதான் காப்பாற்றியது. சத்தம் போடவில்லை. டுவைட்தான் கத்தினார். நோரீன் குப்புறப் படுத்துப் பையின் பட்டையைப் பிடித்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தாண்டிச் சேர்ந்ததும் இருவருமாக அவளை அந்தப் பக்கத்துக்கு இழுத்தோம்; மற்றவர்களும் எம்பித் தாண்டி வந்துவிட்டார்கள். கால்சட்டை கிழிந்து, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோலைப் பனி சீவியிருந்தது. கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று எழுதவே கை கூசுகிறது.

கட்டுப்போட்டு முடித்ததும் நோரீன் என்னைப் பார்க்காமல், "திரும்பறோம். நீ முன்னால போ. நான் கடைசியில வர்றேன்," என்றார்.

அதே வெடிப்பு. "ரெண்டு பூட்ஸ்!" என்றேன். குரல் குரலாகப் பின்னால் போனது. அப்பாவின் முதுகிலிருந்து பிரினும் சொன்னாள். கடைசியில் நோரீனுடைய குரல், எந்த மாற்றமும் இல்லாமல்: "ரெண்டு பூட்ஸ்!" அவர் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மண்டியிட்டு, கோடரியைக் குறுக்கே நீட்டி, அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

வேனருகே வந்ததும் டுவைட் மகளை இருக்கையில் உட்காரவைத்துவிட்டு நேராக வந்தார்.

"அது எப்படிங்க ஒரு பூட்ஸ் ஆகும்? குழந்தையே போயிருப்பா!"

"எனக்கு இடது கண்ணு சரியில்லை," என்றார் நோரீன். மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னார். "ஏப்ரல்லயே தெரியும். தெரிஞ்சும் ஏறினேன். தப்பு என்னுது. முதலாளிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்."

டுவைட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் கூவினியேப்பா. மேல இருந்தியே, உனக்குத் தெரியலை?"

நான் வாயைத் திறந்தேன்.

"கடைசியில நிக்கறவனுக்கு முன்னால இருக்கறது தெரியாதுங்க," என்றார் நோரீன். "அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணு விஷயமும் தெரியாது."

பிரின் வேன் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த மேட்டில் ஏறி இறங்கியவள். அங்கிருந்து என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுபடியும் நோரீன் முன்னால் நின்று ஓர் அளவைச் சொல்லிவிட்டார். அது தப்பான அளவு. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது முகாம் மைதானத்தின் வாசலில், விறகும் கொசு மருந்தும் விற்கும் மரக்கூண்டில் நோரீன் உட்கார்ந்திருக்கிறார். வண்டி எண்ணை என்னைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு பயணத்தின் நான்காம் நாளும் நான் விருந்தாளிகளோடு அந்த வழியாகத்தான் போகிறேன். "மேல எப்படி இருக்கு?" என்று கேட்பார். எந்த வெடிப்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அந்த ஒரு வெடிப்பைப் பற்றி மட்டும் அவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.